கார் ஏர்கானில் ‘ஆட்டோ’வை நம்பலாமா?

கேட்டவரின் கதை சுருக்கமாக இது. ஏழு வருடம் ஓடிய ஜப்பான் கார் ஒன்றைப் போன மாதம் வாங்கியிருக்கிறார். சிங்கப்பூரில் வீடு மேற்கே ஜூரோங் வெஸ்ட், வேலை கிழக்கே சாங்கி. காலை ஆறு மணிக்குப் பலமாடி வாகன நிறுத்துமிடத்திலிருந்து கிளம்பும்போது ஏர்கானை ‘ஆட்டோ’வில் 24 வைத்தால் விரல் விறைக்கிறது. மாலை ஐந்தரைக்குத் திரும்பும்போது அதே 24-இல் கழுத்தெல்லாம் வேர்க்கிறது. கையால் 20, 26 என்று மாற்றிக்கொண்டே ஓட்டுகிறார். ‘ஆட்டோ என்பது விலையைக் கூட்ட வைத்த பொத்தானா, இல்லை என் காரில் ஏதாவது கோளாறா, கேஸ் (குளிரூட்டும் வாயு) டாப்அப் செய்தால் சரியாகுமா’ என்று கேட்கிறார். மூன்று கேள்வி மாதிரித் தெரிந்தாலும் அவர் உண்மையில் கேட்பது ஒன்றுதான்: திரையில் 24 என்று போட்டிருக்கிறதே, அந்த 24 எங்கே?

நான் சின் மிங் பக்கம் ஒரு பட்டறையில் பத்தொன்பது வருடமாகக் கார் ஏர்கானும் மின்வேலையும் பார்க்கிறவன். காரைத் தொட்டுப் பார்க்காமல் ‘இதுதான் கோளாறு’ என்று சொல்ல என்னால் முடியாது. தொடாமலே ‘கேஸ்தான் குறைவு’ என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி என்று நீங்கள் தெளிவாகச் சொல்லியிருப்பதால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

முதலில் அந்த எண். 24 என்பது வென்டிலிருந்து வரும் காற்றின் வெப்பநிலை இல்லை. நல்ல நிலையில் உள்ள ஏர்கானில், முழுக் குளிரில் வைத்தால், வென்ட் வாயில் ஐந்து முதல் பத்து டிகிரி வரை வரும். 24 என்பது காருக்குள் இருக்கும் காற்று கடைசியில் எங்கே போய் நிற்க வேண்டும் என்று நீங்கள் சொல்லும் விருப்பம். அந்த விருப்பத்தை நிறைவேற்ற, கம்ப்யூட்டர் மூன்று நான்கு சென்சார்களைக் கேட்கிறது. உள்காற்றின் சூட்டைப் பார்க்க ஒன்று, முன் பம்பருக்குப் பின்னால் வெளிக்காற்றைப் பார்க்க ஒன்று, டேஷ்போர்டின் மேல் வெயிலைப் பார்க்க ஒன்று, கூலிங் காயில் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒன்று. இவை சொல்வதை வைத்து ப்ளோயர் என்ற காற்றாடியின் வேகம், காற்று முகத்துக்கா காலுக்கா என்பது, வெளிக்காற்றா உட்சுழற்சியா என்பது, எல்லாவற்றுக்கும் மேலாக எவ்வளவு சூடு கலப்பது என்பது, இத்தனையையும் அது முடிவு செய்கிறது.

சூடு கலப்பது என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். சிங்கப்பூரில் ஹீட்டர் எதற்கு? ஆனால் பெரும்பாலான கார்களில் அப்படித்தான் வேலை நடக்கிறது. காற்று முதலில் கூலிங் காயிலைத் தாண்டி, பனிக்கட்டி அளவுக்குக் கொஞ்சம் மேலே வரை குளிர்ந்து, தன் ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறது. நிறுத்திய காருக்கு அடியில் சொட்டும் தண்ணீர் அதுதான். பிறகு ஒரு பிளாஸ்டிக் மடல் திறந்து, இன்ஜின் தண்ணீர் ஓடும் ஹீட்டர் காயில் வழியாக அதில் கொஞ்சத்தை அனுப்பி, இரண்டையும் கலக்கிறது. குளிக்கும்போது சுடுநீரும் பச்சைத் தண்ணீரும் விளாவுகிறோமே, அதே வேலை. ஆட்டோவின் திறமை இந்த விளாவலில்தான் இருக்கிறது. இந்த வட்டாரத்துக்கென்று வந்த சில சிறிய கார்களில் ஹீட்டரே கிடையாது. அவற்றில் ஆட்டோ என்று எழுதியிருந்தாலும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரையும் காற்றாடியையும் கூட்டிக் குறைப்பதோடு சரி.

இது புதிய வித்தையும் இல்லை. அமெரிக்காவில் கேடில்லாக் கார்களில் 1964-லேயே இப்படி ஓர் எண்ணை வைத்துவிட்டு மறந்துவிடும் வசதி வந்துவிட்டது. அறுபது வருடமாகத் தேறிய தொழில்நுட்பம். அதனால் ‘விற்பனைப் பொத்தானா’ என்ற கேள்விக்குத் தயங்காமல் இல்லை என்பேன். சென்சார்கள் சுத்தமாக, மடல்கள் ஒழுங்காக, குளிர் போதுமானதாக இருந்தால் உங்கள் கையைவிட ஆட்டோ நன்றாகவே பார்த்துக்கொள்ளும். இந்த மூன்றில் ஒன்று சறுக்கினாலும் அது கண்ணைக் கட்டிக்கொண்டு கார் ஓட்டும் ஆள் மாதிரி ஆகிவிடும். பிரச்சினை என்னவென்றால், சறுக்கியது எது என்பதைத் திரையில் தெரியும் எண் காட்டாது. அது எப்போதும் 24 என்றே சிரித்துக்கொண்டிருக்கும்.

சரி, உங்கள் காலைக்கு வருவோம். ஆறு மணிக்கு இங்கே வெளியே 25, 26 டிகிரி இருக்கும். வெயில் இல்லை. பலமாடியில் நின்ற கார் ராத்திரி முழுக்க ஆறிப்போயிருக்கும். 24 ஆக இன்னும் இரண்டு டிகிரிதான் பாக்கி. ஆனால் கூலிங் காயில் ஒரு நிமிடத்திலேயே நன்றாகக் குளிர்ந்துவிடும், இன்ஜின் தண்ணீரோ இன்னும் சூடாகவில்லை. விளாவப் போதிய சூடு இல்லாத அந்த முதல் சில நிமிடங்களில் விரல் விறைப்பது இயல்பு. ஹைபிரிட் காராக இருந்தால் இன்ஜின் விட்டு விட்டு ஓடுவதால் இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். தீவு விரைவுச்சாலையில் ஏறி புக்கிட் தீமா தாண்டுவதற்குள் சமநிலைக்கு வந்துவிட்டால் காரில் கோளாறு இல்லை. சாங்கி வரைக்கும் விறைத்துக்கொண்டே போனால் நான் முதலில் பார்ப்பது உள்காற்று சென்சாரை.

ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அகலத்தில், சின்னச் சல்லடை மாதிரி ஒன்று இருக்கும். பலர் அதைக் கைப்பேசியில் பேசுவதற்கான மைக் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பின்னால்தான் சென்சார். டேஷ்போர்டுக்குள் அடைந்து கிடக்கும் காற்றை அளந்து ஏமாந்துவிடாமல் இருக்க, ஒரு சின்னக் குழாயோ காற்றாடியோ காருக்குள்ளிருக்கும் காற்றை அந்தச் சல்லடை வழியாக மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஏழு வருடத்தில் அதற்குள் தூசி, தலைமுடி, நாய் வளர்த்தவர் கார் என்றால் நாய்முடி, எல்லாம் பஞ்சு மாதிரி அடைத்திருக்கும். அப்புறம் அது அளப்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் வெதுவெதுப்பான காற்றை. கார் உள்ளே 21-க்கு இறங்கிய பிறகும் அதற்கு 27 என்று தெரியும். ‘இன்னும் குளிர் போதவில்லை’ என்று குளிர்ந்த காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இதை நீங்களே பார்க்கலாம். ப்ளோயரை வேகமாக வைத்துவிட்டு, டிஷ்யூவில் தபால்தலை அளவுக்குக் கிழித்து அந்தச் சல்லடை மேல் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் உறிஞ்சுகிறது. பொத்தென்று கீழே விழுந்தால் அடைப்பு, அல்லது குழாய் கழன்றிருக்கிறது. சில புதிய கார்களில் இந்தச் சல்லடையே இருக்காது, அகச்சிவப்புக் கதிரால் தூரத்திலிருந்தே அளப்பார்கள். உங்கள் காரின் வயதுக்குச் சல்லடைதான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

மாலைக்கு வேறு கணக்கு. நாள் முழுக்கச் சாங்கியில் திறந்தவெளியில் நின்ற காருக்குள் 50, 60 டிகிரி சர்வசாதாரணம். டேஷ்போர்டு அதைவிட மேலே. அந்தப் பிளாஸ்டிக்கும் இருக்கையும் சேர்த்து வைத்த சூடு அரை மணி நேரத்துக்கு விடாது. அதோடு நீங்கள் போவது மேற்கே. ஐந்தரைக்கு இறங்கு வெயில் நேராகக் கண்ணாடி வழியாக முகத்திலும் நெஞ்சிலும் அடிக்கும். உள்காற்று சென்சார் இருப்பதோ ஸ்டீயரிங்குக்குக் கீழே, நிழலில். காற்று 24, 25-க்கு வந்துவிட்டது என்று அது சொல்வது பொய் இல்லை. உங்களுக்கு வேர்ப்பதும் பொய் இல்லை. ஓலே ஃபாங்கர் என்ற டென்மார்க் பேராசிரியர் 1970 வாக்கில் விளக்கிய கணக்கு ஒன்று இந்தத் துறையில் இன்றும் அடிப்படை: ஒருவருக்கு இதமாக இருக்கிறதா என்பதை ஆறு விஷயம் தீர்மானிக்கிறது. காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள பொருள்களும் வெயிலும் வீசும் அனல், காற்றோட்டத்தின் வேகம், ஈரப்பதம், உடுத்தியிருக்கும் துணி, உடம்பு செய்யும் வேலை. சாதாரணக் கார் இந்த ஆறில் முதலாவதை அளக்கிறது, இரண்டாவதை வெயில் சென்சார் மூலம் ஊகிக்கிறது. மற்றதை அது பார்ப்பதில்லை. விலை கூடிய சில மாடல்களில் மட்டும் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஈரப்பத சென்சார் இருக்கும். நீங்கள் முழுக்கைச் சட்டை போட்டிருப்பதும், பார்க்கிங்வரை வெயிலில் நடந்து வந்திருப்பதும் எந்தக் காருக்கும் தெரியாது.

அந்த வெயில் சென்சார், டேஷ்போர்டின் மேல் முன்கண்ணாடிக்குக் கீழே, கறுப்பாகப் பொத்தான் மாதிரி இருக்கும். வெயில் பலமாக அடிக்கும்போது, 24-ஐத் தொட்ட பிறகும் இன்னும் குளிர்ந்த காற்றை இன்னும் வேகமாக அனுப்பச் சொல்வது இதன் வேலை. நம் ஆட்களிடம் இது படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. போன வருடம் ஒரு பெரியவர் உங்களைப் போலவே ‘சாயங்காலத்தில் குளிர் இல்லை’ என்று வந்தார். அதற்குள் வேறு ஓர் இடத்தில் இரண்டு தடவை கேஸ் ஏற்றிக்கொண்டுவிட்டார். நான் கேஜ் மாட்டிப் பார்த்தால் அழுத்தம் ஒழுங்காக இருக்கிறது, குளிரும் இருக்கிறது. மேலே பார்த்தேன். நடுவில் அழகாகப் பித்தளைப் பிள்ளையார், கழுத்தில் தேக்காவில் வாங்கிய மல்லிகைச் சரம், அவருக்கு அடியில் சிவப்பு வெல்வெட் துணி. சென்சார் அந்தத் துணிக்குக் கீழே. காரைப் பொறுத்தவரை அது எப்போதும் ராத்திரிதான். பெரியவரிடம் அனுமதி கேட்டுப் பிள்ளையாரை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தி வைத்தேன். அடுத்த நாள் மாலை போன் செய்து, ‘தம்பி, இப்போ குளிருதுப்பா, இவருக்கு அந்த இடம் பிடிக்கலை போலிருக்கு’ என்றார். டிஷ்யூ பெட்டி, டேஷ்போர்டுக்கு விரிக்கும் கம்பளி, பொம்மை, எல்லாமே இதே வேலையைச் செய்யும்.

பட்டறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு துணுக்கு. டொயோட்டாவின் பல மாடல்களில் ஆட்டோ பொத்தானையும் உட்சுழற்சிப் பொத்தானையும் சேர்த்து அழுத்தியபடி இக்னிஷன் போட்டால் ஏர்கான் தன்னைத்தானே சோதித்துக் கோளாறு எண்ணைக் காட்டும். 21 என்று வந்தால் வெயில் சென்சார். ஆனால் இருட்டான இடத்தில் சோதித்தால் நல்ல சென்சாருக்கும் அதே 21 வரும். பட்டறைக்குள் கூரைக்கு அடியில் இதைப் பார்த்துவிட்டுப் புது சென்சார் விற்றுவிடுகிறவர்களும் உண்டு. வெயிலுக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது கேஸ். கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருப்பது. கணிசமாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைப் பார்க்காமல் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. கூடுதலாக ஏற்றினாலும் அழுத்தம் ஏறிக் குளிர் குறையும், கம்ப்ரசருக்கும் கேடு. ஆட்டோவா குளிரா, எதில் கோளாறு என்று பிரித்துப் பார்க்க ஒரே ஒரு சோதனை போதும். மாலையில் கார் ஒரு பத்து நிமிடம் ஓடிய பிறகு, வெப்பநிலையைக் கடைசி வரை இறக்கி ‘லோ’வில் வையுங்கள். லோ வந்ததும் ஆட்டோ கணக்கை விட்டுவிடும். மடலை முழுக்கக் குளிர்ப்பக்கம் தள்ளிவிட்டுச் சும்மா இருக்கும். உட்சுழற்சியில் போட்டு, நடு வென்டில் ஒரு வெப்பமானியைச் செருகுங்கள். முஸ்தபாவில் கிடைக்கிற சமையலறை வெப்பமானி போதும். பத்துக்குக் கீழே வந்தால் குளிர் நன்றாக இருக்கிறது, கேஸுக்குக் காசு கொடுக்காதீர்கள், கோளாறு சென்சாரிலோ மடலிலோ. ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் வெதுவெதுப்பாக மாறினால் முன்னால் இருக்கும், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் அழுக்கு, அல்லது அதன் காற்றாடி சரியாகச் சுற்றவில்லை. ஓடினாலும் நின்றாலும் பதினைந்துக்குக் கீழே இறங்கவில்லையென்றால், அப்போதுதான் கசிவு, கம்ப்ரசர் என்று பேச வேண்டும்.

மடல் கெட்டால் சத்தம் காட்டிக்கொடுக்கும். வண்டியை எடுத்தவுடன் டேஷ்போர்டுக்குள் பல்லி கத்துவது போல ‘டிக் டிக் டிக்’ என்று கேட்டு நின்றுவிட்டால், மடலைத் திருப்பும் சின்ன மோட்டாரின் பல்சக்கரம் உடைந்திருக்கிறது. இடப்பக்கம் ஒரு குளிர், வலப்பக்கம் ஒரு குளிர் என்று வருவதற்கும் பல தடவை இதுதான் காரணம். பேட்டரி மாற்றிய பிறகு இந்தத் தொல்லை தொடங்கினால் மோட்டார் தன் இடத்தை மறந்திருக்கலாம். திரும்பக் கற்றுக்கொடுத்தால் போதும், கழற்ற வேண்டியதில்லை.

ஆட்டோவை நான் முழுக்க நம்பாத இடம் மழை. டிசம்பர் காலைகளில் கிட்டத்தட்ட ஒவ்வொரு வாடிக்கையாளரும் ‘முன்கண்ணாடி மங்கி மூடிக்கொள்கிறது’ என்று சொல்வார். நான் கேட்கும் முதல் கேள்வி: உள்ளேயா வெளியேயா? பாதிப் பேருக்குத் தெரியாது. விரலால் உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள், கோடு விழுந்தால் உள்ளே. வைப்பர் போட்டதும் தெளிந்து, அரை நிமிடத்தில் மறுபடி பால் ஊற்றின மாதிரி ஆனால் வெளியே. இரண்டுக்கும் மருந்து எதிரெதிர். குளிர்நாட்டில் எழுதிய கையேட்டைப் படித்துவிட்டு எல்லாரும் கண்ணாடிக்கு ஏர்கானைத் திருப்புகிறார்கள். இங்கே மழைக்காற்றில் இருக்கும் ஈரத்துக்குக் கண்ணாடி 24 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இறங்கினாலே போதும், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பது போலக் கண்ணாடி வெளியே வேர்த்துவிடும். அப்போது காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பி, எண்ணை 26, 27-க்கு ஏற்றி, வைப்பரைப் போடுங்கள். உள்பக்கம் மூடினால் ஏர்கான் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, உட்சுழற்சியை எடுத்துவிட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஆட்டோ இதைத் தானாகப் பிரித்துப் பார்ப்பது அபூர்வம். வெளிக்கண்ணாடியில் என்ன நடக்கிறது என்று சொல்ல அதற்கு ஆளில்லை.

உட்சுழற்சியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வெப்பம் அதிகமாக இருக்கும்போது ஆட்டோ பெரும்பாலும் உட்சுழற்சிக்குப் போய்விடும், சரிதான். ஆனால் நாலு பேர் ஏறிக்கொண்டு உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றால், விடும் மூச்செல்லாம் உள்ளேயே சுற்றும். கரியமில வாயு ஏறும், ஒருவிதத் தூக்கக் கலக்கமும் வரலாம். அவ்வப்போது வெளிக்காற்றைக் கொஞ்சம் விடுங்கள். புகைமூட்டக் காலத்தில் இதற்கு நேர் எதிர். காற்றின் தரத்தைப் பார்க்கும் சென்சார் தன் காரில் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த சென்சார்கள் பொதுவாக முன்னால் போகும் லாரியின் புகைவாயுவைப் பிடிக்கச் செய்தவை. காட்டுத்தீயின் நுண்துகளைப் பிடிக்க அல்ல. 2013 ஜூனில் காற்றுமாசுக் குறியீடான பிஎஸ்ஐ 401-ஐத் தொட்ட அன்றும் ஆட்டோவை நம்பி வெளிக்காற்றோடு ஓட்டிவந்தவர்களின் கேபின் ஃபில்டரைக் கழற்றியிருக்கிறேன். அதன் நிறத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாளில் உட்சுழற்சிப் பொத்தானைக் கையால்தான் அழுத்த வேண்டும்.

பெட்ரோல் மிச்சமாகுமா என்றும் பலர் கேட்பார்கள். கம்ப்ரசர் இன்ஜினின் சக்தியைத் தின்கிறது என்பதும், 18 கேட்டால் 25 கேட்பதைவிடக் கூடுதலாகத் தின்னும் என்பதும் உறுதி. ஆட்டோ என்பதாலேயே மிச்சம் என்பதுதான் சந்தேகத்துக்குரியது. அதில் உங்கள் பழக்கம்தான் பெரிது. கையால் ஓட்டும்போது ‘முழுக்குளிர், முழுக்காற்று’ என்று விட்டுவிடுகிறவர் என்றால் ஆட்டோ நிச்சயம் சிக்கனம். காற்றாடியை ஒன்றில் வைத்துச் சமாளிக்கிறவர் என்றால் வித்தியாசம் தெரியாது. நின்றால் இன்ஜின் அணையும் வசதி உள்ள கார்களில், இங்குள்ள வெக்கைக்கு ஏர்கானே இன்ஜினைத் திரும்ப எழுப்பிவிடுவதால், அந்த மிச்சமும் பாதி கனவுதான். காரைக் குளிரவைக்கிறேன் என்று இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தி வைப்பது இங்கே சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜன்னல்களை இறக்கிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டினால், நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஏர்கான் போடுவதைவிட வேகமாக அனல் வெளியேறும்.

அப்புறம், திரையில் தெரியும் வெளி வெப்பநிலை. ‘இன்னிக்கு 39 டிகிரி’ என்று படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் நண்பர் எல்லாருக்கும் உண்டு. சிங்கப்பூரில் பதிவான ஆக உயர்ந்த வெப்பநிலையே 37 டிகிரிதான். 2023 மே மாதம் அங் மோ கியோவில் பதிவானது, 1983-இல் தெங்காவில் பதிவானதற்குச் சமம். பம்பருக்குப் பின்னால் உள்ள சென்சார், நெரிசலில் நிற்கும்போது தார்ச்சாலையின் சூட்டையும் இன்ஜின் சூட்டையும் சேர்த்து அளக்கிறது. கொஞ்சம் வேகமாக ஓடியதும் கீழே வந்துவிடும். இதற்காக சென்சார் மாற்ற வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டிய வரிசை இது. இன்று மாலை டேஷ்போர்டின் மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள், இருந்தால் நகர்த்துங்கள். டிஷ்யூ சோதனை, பிறகு லோ சோதனை. அதன்பின் மூன்று நாள் ஆட்டோவில் 25 வைத்து, எந்தப் பொத்தானையும் தொடாமல் ஓட்டுங்கள். நீங்கள் ஒவ்வொரு தடவை 20-க்கும் 26-க்கும் தாவும்போதும் அது கணக்கை முதலிலிருந்து போடுகிறது; அதற்குக் கால் மணி நேரம் கொடுங்கள். அதன் பிறகும் காலையில் விறைத்தால், டிஷ்யூ ஒட்டியதா விழுந்ததா, லோவில் வெப்பமானி எவ்வளவு காட்டியது என்ற இரண்டையும் இங்கே எழுதுங்கள். ஓடும்போது ஓர் எண், சிக்னலில் நிற்கும்போது ஓர் எண் என்று இரண்டும் வேண்டும்.